காத்திருக்கும் ராஜ்யம்

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும் காலம் வரும் என்றார் ஏசாயா. மிசோ மலைகளில் சிலர் அதற்குத் தேதி குறித்தார்கள். சிலர் விமானம் ஏறினார்கள். பெரும்பாலோர் பிடியரிசி எடுத்து வைத்தார்கள்.

1937-ல் பர்மா எல்லையை ஒட்டிய கெல்காங் கிராமத்துக்கு ஒரு சேதி வந்தது. அரசாங்கத்திடமிருந்து அல்ல. இரவு பகலாகப் பாட்டும் ஆட்டமுமாக நடந்துகொண்டிருந்த ஜெபக்கூட்டத்தில், ஆவியின் அருள் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களின் வாயிலிருந்து வந்த சேதி அது. காலம் முடியப் போகிறது. இனி யாரும் பாடுபட்டு விதைக்க வேண்டாம். கடவுளே படியளப்பார்.

சமவெளிக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் மிசோ மலைகளில் அன்று நடந்ததெல்லாம் ஜூம் சாகுபடிதான். காட்டுச் சரிவை வெட்டிச் சாய்த்து, வெயிலில் காயப்போட்டு, மழைக்கு முன்னால் எரித்து, அந்தச் சாம்பலில் நெல்லை விதைப்பார்கள். எல்லாம் வாரக்கணக்கு. எரிப்பதற்கு முன் மழை வந்துவிட்டால் போச்சு. ஒரு பருவத்தைத் தவறவிட்ட கிராமத்துக்கு அடுத்த அறுவடை வரை பட்டினிதான். கடையில் வாங்கலாம் என்றால் கடையும் இல்லை, ரோடும் இல்லை. கெல்காங்கில் பக்தியின் பெயரால் பணயம் வைக்கப்பட்டது ஒரு வருடத்துச் சோறு.

அப்போது லூஷாய் மலைகளின் சூப்பரின்டென்டன்ட்டாக இருந்தவர் ஏ.ஜி. மெக்கால். அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் சிப்பாய்களுடன் கிளம்பிப் போய் கூட்டத்தைக் கலைத்தார். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கிராமமே தண்டனைக்கு உள்ளானது. மெக்காலின் கண்ணுக்கு அது பக்தியாகப் படவில்லை. வேறொரு ராஜா வரப்போகிறார் என்று குடிகள் பாடினால், எந்த ஊர் அதிகாரிக்குத்தான் அது வெறும் பாட்டாகக் கேட்கும்?

அந்த 'வேறொரு ராஜா' மிசோக்களின் கண்டுபிடிப்பு அல்ல. ஏறக்குறைய 2,700 வருடங்களுக்கு முன்பு, ஜெருசலேமில் வாழ்ந்த ஏசாயா என்ற தீர்க்கதரிசியின் பெயரில் உள்ள புத்தகத்தில் அவர் வருகிறார். அன்றைய வல்லரசான அசீரியா வடக்கே இருந்து சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த நேரம். ஊர்கள் எரிந்தன. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தப்பட்டார்கள். அந்த வேளையில் தாவீது ராஜாவின் வம்சத்தில் ஓர் அரசர் தோன்றுவார் என்றார் ஏசாயா. அவர் காதில் விழுந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஏழைகளுக்கு நியாயம் வழங்குவார். ஜனங்கள் வாளை உருக்கி ஏர்க்கொழு செய்துகொள்வார்கள். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒரே இடத்தில் படுத்திருக்கும். இந்த அரசரைத்தான் பின்னால் வந்தவர்கள் மேசியா என்றார்கள். அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று அர்த்தம்.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வருவது அந்தப் புத்தகத்தின் 11-வது அத்தியாயத்தில். பிரசங்கிகள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அத்தியாயம் அங்கே முடியவில்லை. பூமியின் நாலு மூலைகளிலும் சிதறிக் கிடக்கும் இஸ்ரேல் ஜனங்களைக் கடவுள் திரும்பக் கூட்டிச் சேர்ப்பார் என்று அது தொடர்கிறது. இன்னும் சில வரிகள் தள்ளிப் போனால், அப்படிச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி மேற்கே இருக்கும் பெலிஸ்தர்மீது பாய்வதும் கிழக்கத்தியரைக் கொள்ளையிடுவதும் வருகின்றன. சமாதானம், ஊர் திரும்புதல், சண்டை. மூன்றும் ஒரே அத்தியாயம். யார் எந்த வரியில் விரல் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது மீதிக் கதை.

கிறிஸ்தவர்களுக்கு அந்த அரசர் இயேசு. ஒருமுறை வந்து போனவர், மறுபடி வருவார். பைபிளின் கடைசிப் புத்தகம் சொல்லும் ஆயிரம் வருட அரசாட்சி அப்போது நடக்கும் என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. யூதர்களுக்கோ அவர் இன்னும் வரவே இல்லை. இந்த வித்தியாசம் மிசோ மலைகளில் பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது.

எழுத்தோடு வந்த ஆசை

ஜே.எச். லோரெய்ன், எஃப்.டபிள்யூ. சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனரிகள் 1894 ஜனவரியில் அய்ஸால் மலைக்கு வந்து சேர்ந்தபோது மிசோ மொழிக்கு எழுத்து இல்லை. ரோமன் எழுத்தில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்து, அகராதி தொகுத்து, சுவிசேஷங்களை மொழிபெயர்க்க ஆரம்பித்தார்கள். எழுத்தும் பைபிளும் ஒன்றாகவே வந்தன. ஒரு சமூகம் தன் மொழியில் முதன்முதலாக வாசித்த புத்தகமே வேதம் என்றால், அதில் உள்ளது பழங்கதையாகத் தோன்றாது. தங்களுக்கு வந்த கடிதமாகத்தான் தோன்றும்.

அதற்குச் சில வருடங்கள் முன்புவரை அண்டை ஊர்களின்மீது படையெடுத்துத் தலை கொய்து வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பிரிட்டிஷார் 1871-லும் 1889-லும் படை அனுப்பி மலைகளை அடக்கியிருந்தார்கள். பழைய தலைவர்களின் அதிகாரம் ஆட்டம் கண்டிருந்தது. பழைய தெய்வங்களும் தோற்றவர்களின் தெய்வங்கள் ஆகிவிட்டன. இப்படிப்பட்ட நேரத்தில்தான் வேல்ஸ் நாட்டில் 1904-ல் எழுந்த மத எழுச்சி காசி மலைகளுக்குப் பரவியது. 1906-ல் அங்கே நடந்த கூட்டத்துக்கு மிசோ கிறிஸ்தவர்கள் சிலர் கால்நடையாகவே போய், அந்த அனலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1913-ல் ஒருமுறை, 1919-ல் ஒருமுறை என்று எழுச்சி அலைகள் தொடர்ந்தன. மிஷனரிகள் முதலில் ஒதுக்கி வைத்திருந்த மேளம் கோயிலுக்குள் நுழைந்தது. சோகம் கலந்த மிசோ மெட்டில், வரப்போகும் பரலோக நாட்டைப் பற்றிய பாட்டுகள் பிறந்தன. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் மக்களில் 87 சதவிகிதம் கிறிஸ்தவர்கள். ஒரு தலைக்கொய்யும் சமூகம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் இப்படி மாறியதற்கு இந்தியாவில் உதாரணங்கள் குறைவு.

ஆனால் காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு காலம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அவ்வப்போது யாராவது ஒருவர் எழுந்து தேதியைச் சொல்லிவிடுகிறார். இதில் மிசோக்கள் தனி அல்ல. திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான வித்வான் குட்டி என்ற ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டத்தார், கிறிஸ்து 1881-ல் வருவார் என்று நாள் எண்ணினார்கள். சோட்டாநாக்பூரில், சிறுவயதில் மிஷன் பள்ளிக்கூடம் போன பிர்சா முண்டா, வெள்ளைக்காரன் ஆட்சி ஒழிந்து முண்டாக்களின் அரசு வரும் என்று சொல்லி 1899-1900-ல் ஒரு கலகத்தையே நடத்தினார். திருவிதாங்கூர்க்காரர்களிடம் பாட்டுகள் மிஞ்சின. முண்டாக்களிடம் ஒரு தியாகி மிஞ்சினார். கெல்காங்கில் ஒரு போலீஸ் கேஸ் மிஞ்சியது.

மிசோக்களிடையே அடுத்த அலை 1942-ல். திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒரு கூட்டம் தனிச் சபையாக மாறி, பின்னர் பக்தாங் கிராமத்தில் குடியேறியது. கிறிஸ்துவோடு சேர்ந்து ஆயிரம் வருடம் உலகை ஆளப்போகிறவர்கள் தாங்களே என்பது அவர்களது நம்பிக்கை. உலகப் பத்திரிகைகளுக்கு அந்த இறையியலில் அக்கறை இல்லை. சபைத் தலைவர் ஸியோனாவின் 38 மனைவிகள், 89 பிள்ளைகள் என்ற கணக்கிலும், அவர்கள் எல்லோரும் குடியிருந்த நாலு மாடி வீட்டிலும்தான் அக்கறை. ஸியோனா 2021 ஜூனில் இறந்தார். தச்சுவேலைக்குப் பெயர்போன அந்த ஊரில் ராஜ்யம் வரும்வரை நாற்காலிகளும் கட்டில்களும் தயாராகிக்கொண்டிருந்தன என்பது அவர்களுக்குப் பெருமை சேர்க்கும் விஷயம். கெல்காங்கைப் போல அவர்கள் வேலையை நிறுத்திவிடவில்லை.

ஒரு கனவும் ஒரு தேசமும்

தேதிக்குப் பதில் இடத்தைக் குறித்தவர்களின் கதை 1951-ல் தொடங்குகிறது. அய்ஸாலுக்கு வடக்கே புவல்லான் கிராமத்தில் சல்லியந்தங்கா என்ற பெந்தெகொஸ்தே சபை ஊழியருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. மேலா சலா என்று அழைக்கப்பட்ட அவருக்குச் சொல்லப்பட்டது இதுதான்: மிசோக்கள் இஸ்ரேலின் பிள்ளைகள், கடைசி யுத்தம் வருமுன் அவர்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்ப வேண்டும். இஸ்ரேல் என்ற நாடு 1948-ல்தான் பிறந்திருந்தது. வேதத்தில் மட்டுமே இருந்த ஒரு பெயர் திடீரென்று உலக வரைபடத்தில் வந்துவிட்டது. ஏசாயாவை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்களுக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? நடந்தே இஸ்ரேலுக்குப் போய்விடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியதாகவும், வழியிலேயே திரும்பியதாகவும் அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு.

ஏன் இஸ்ரேல்? ஏசாயாவின் காலத்தில், கி.மு. 722-ஐ ஒட்டி, அசீரியர்கள் வடக்கு இஸ்ரேலை அழித்து அங்கிருந்த கோத்திரங்களை நாடு கடத்தினார்கள். காணாமல் போன பத்துக் கோத்திரங்கள் என்று உலகமெங்கும் தேடப்படுபவர்கள் இவர்கள்தான். அதில் ஒன்று மனாசே. மிசோ, குகி, ஹமார் இனங்களின் பழைய பாட்டுகளிலும் மந்திரங்களிலும் மன்மாசி என்று ஒரு முன்னோர் வருகிறார். மனாசேதான் மன்மாசி என்பது வாதம். ஹமார் மக்களின் சிக்புய் திருவிழாப் பாட்டில் செங்கடல் வருகிறது, எதிரிகள் துரத்தி வருகிறார்கள், பகலில் மேகமும் இரவில் நெருப்பும் வழிகாட்டுகின்றன. மோசேயின் கதையல்லாமல் வேறென்ன என்று கேட்கிறார்கள்.

மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. இந்த இனங்களின் மொழி திபெத்-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களது பழங்கதைகளே சின்லுங் என்ற பாறைக் குகையிலிருந்து வெளியே வந்ததாகத்தான் சொல்கின்றன. மிஷனரிகள் வருவதற்கு முன்பு பாடப்பட்டது எது, வந்த பிறகு சேர்ந்துகொண்டது எது என்று எழுத்தில்லாத ஒரு மொழியில் யார் பிரித்துச் சொல்வது? இஸ்ரேலிய எழுத்தாளர் ஹில்லெல் ஹால்கின் சந்தேகத்தோடு இங்கே வந்து, ஏதோ ஒரு மெல்லிய தொடர்பு இருக்கலாம் என்ற முடிவோடு திரும்பி 2002-ல் புத்தகம் எழுதினார். மரபணுச் சோதனையும் நடந்தது. கொல்கத்தாவில் ஆராய்ந்தவர்களுக்குத் தந்தைவழியில் மத்தியக் கிழக்கின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. தாய்வழியில் ஏதோ சாயல் தெரிகிறது என்ற பேச்சு எழுந்தது. விஞ்ஞானிகள் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நம்பிக்கையாளர்களை அசைக்கவில்லை. அசைக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அந்தப் பத்து வருடங்களில் மிசோக்கள் பட்டதைப் பார்த்தால் புரியும். 48 வருடத்துக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும். பூத்த மூங்கிலின் விதையைத் தின்று எலிகள் பெருகும். மூங்கில் விதை தீர்ந்ததும் அவை நெல்லுக்கு வரும். 1959-ல் அப்படித்தான் பஞ்சம் வந்தது. முழு பைபிளும் மிசோ மொழியில் வெளியானது அதே வருடம். அரசு உதவி போதாமல் போன கோபத்தில் பஞ்ச நிவாரண அமைப்பு ஒன்று அரசியல் கட்சியாகி, லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியாகி, 1966-ல் ஆயுதம் ஏந்தியது. அதன் முழக்கத்திலேயே கடவுளும் தேசமும் சேர்ந்து இருந்தார்கள். அய்ஸால்மீது இந்திய விமானப்படை குண்டு போட்டது. அடுத்த வருடம் முதல் ராணுவம் கிராமங்களைக் காலி செய்து, ஜனங்களை ரோட்டோரக் குடியிருப்புகளில் அடைத்தது. சொந்த ஊர் எரிவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தவர்களுக்கு, நாடு கடத்தப்பட்ட இஸ்ரேலின் கதையில் தங்கள் முகம் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆரம்பத்தில் இவர்கள் இயேசுவை விடவில்லை. சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வெளியே இருந்த யூதர்களோடு 1970களில் தொடர்பு ஏற்பட்ட பிறகுதான் ஓர் உண்மை உறைத்தது. யூதர்களுக்கு இயேசு மேசியா அல்ல. திரும்பிப் போக வேண்டுமானால், திரும்பிப் போகச் சொல்லிக்கொடுத்த மதத்தையே விட வேண்டும். மணிப்பூரிலும் மிசோரத்திலும் சில ஆயிரம் பேர் அதற்கும் தயாரானார்கள். ஆண்கள் தலையில் சிறு குல்லா ஏறியது. பன்றிக்கறி நின்றது. பன்றிக்கறி இல்லாத விருந்தே கிடையாது என்ற மலையில் இது சாதாரணத் தியாகம் அல்ல. ஜெருசலேமிலிருந்து தேடி வந்த ரபி எலியாஹு அவிக்காயில் இவர்களுக்கு பினேய் மெனாஷே, அதாவது மனாசேயின் பிள்ளைகள் என்று பெயர் வைத்தார்.

அய்ஸாலின் திருச்சபைகள் இதை ரசிக்கவில்லை. போதகர்களுக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அல்ல, ஆத்துமாக்களின் கேள்வி. இயேசுவில் நிறைவேறிவிட்ட வாக்குறுதியை மறுபடியும் நிலத்தில் தேடுவது பின்னோக்கிப் போவது என்பது அவர்கள் வாதம். வறுமையிலிருந்து தப்பத்தான் இந்த யூத வேஷம் என்றும் சிலர் பேசினார்கள். இந்த ஏச்சு நியாயமாகப் படவில்லை. வெளிநாடு போவதுதான் குறி என்றால், அதற்கு விருத்தசேதனத்தையும் எபிரேய மொழியையும்விடச் சுலபமான வழிகள் நிறைய உண்டு.

போன இடத்தில்

1990களில் முதல் குழுக்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்களை ஏற்று வீடு கொடுத்தவர்கள் பெரும்பாலும் யூதக் குடியேற்றவாசிகள். ஆகவே மிசோக்களும் குகிகளும் வசிக்கத் தொடங்கியது மேற்குக் கரையில் உள்ள கிரியாத் அர்பா போன்ற இடங்களிலும், காஸாவில் இருந்த குஷ் கத்தீஃப் குடியிருப்புகளிலும். உலகத்திலேயே மிக அதிகமாகச் சண்டைக்குள்ளான நிலத்தில், அது சண்டைக்குள்ளான நிலம் என்று சரியாக அறியாமலே பலர் போய் இறங்கினார்கள். பாலஸ்தீனர்களின் பார்வையில் அவர்கள் வீடு திரும்பியவர்கள் அல்ல, தங்கள் நிலத்தில் உட்கார வந்த இன்னொரு கூட்டம். இஸ்ரேலிய இடதுசாரிகளும் அதையே கேட்டார்கள். 2003-ல் உள்துறை அமைச்சராக இருந்த அவ்ராஹம் போராஸ் வருகையை நிறுத்தினார். 2005 ஆகஸ்டில் இஸ்ரேல் காஸாவிலிருந்து தன் குடியேற்றங்களைக் காலி செய்தபோது, இந்தியாவிலிருந்து வந்திருந்த குடும்பங்களும் மூட்டை கட்டின. வாக்களிக்கப்பட்ட தேசத்துக்குள்ளேயே ஒரு நாடு கடத்தல்.

அதே 2005-ல் வேறொன்றும் நடந்தது. செபராதி யூதர்களின் தலைமை ரபி ஷ்லோமோ அமார், இவர்கள் தொலைந்த கோத்திரத்தின் வழிவந்தவர்களே என்று ஏற்றுக்கொண்டார். ஆனாலும் முறைப்படி மதம் மாற வேண்டும் என்றார். அதற்காக ரபிகள் குழு வந்து நூற்றுக்கணக்கானவர்களை மாற்றத் தொடங்கியதும் புதுடெல்லி முகம் சுளித்தது. வெளிநாட்டார் வந்து மதம் மாற்றுவது இந்திய அரசுக்குப் பிடிக்காத விஷயம். மதமாற்றம் இங்கே நின்றது. பின்னால் போனவர்கள் அங்கே போய் மாறினார்கள். நடுவில் சில வருடங்கள் கதவு மூடியிருந்து 2012-ல் மறுபடி திறந்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

பிறகு வந்தது 2023. அந்த வருடம் மே 3-ஆம் தேதி மணிப்பூரில் மெய்தி, குகி இனங்களுக்கிடையே வெடித்த கலவரத்தில் 250-க்கும் அதிகமானோர் செத்தார்கள். சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். குகிகள் என்பதால் பினேய் மெனாஷேக்களும் தப்பவில்லை. அவர்களது ஜெபாலயங்களும் எரிந்தன. பலர் சுராசந்த்பூருக்கும் மிசோரத்துக்கும் ஓடினார்கள். தீ வைத்த கும்பலுக்கு அவர்கள் கும்பிடுவது இயேசுவையா இல்லையா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 7-ஆம் தேதி, இஸ்ரேலில் ஹமாஸ் தாக்குதல். காஸாவில் யுத்தம் மூண்டது. அங்கே போயிருந்தவர்களின் பிள்ளைகளில் 200-க்கும் மேற்பட்டவர்கள் ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் மேற்குக் கரையில், லாரியை ஏற்றி நடத்தப்பட்ட தாக்குதலில் பலியான சிப்பாய் மணிப்பூரிலிருந்து போன 24 வயது இளைஞர். ஒரே குடும்பத்தில் அண்ணன் அகதி முகாமில், தம்பி பதுங்குகுழியில் என்ற நிலை அந்த மாதங்களில் அபூர்வமாக இருக்கவில்லை. வாள் ஏர்க்கொழுவாகும் என்று வாசித்துக் கிளம்பிய சமூகம் இது.

இவ்வளவுக்குப் பிறகும் போக விரும்புகிறவர்கள் குறையவில்லை. 2025 நவம்பரில் இஸ்ரேல் அமைச்சரவை எடுத்த முடிவு அவர்கள் பல வருடமாகக் காத்திருந்தது: இந்தியாவில் எஞ்சியிருக்கும் சுமார் 5,800 பேரையும் 2030-க்குள் கூட்டிக்கொள்வது, அதில் 1,200 பேரை 2026-க்குள். வேத வாக்கு நிறைவேறுகிறது என்று அவர்கள் கொண்டாடினார்கள். நாட்டின் வட பகுதியில் ஆள்பலம் கூடுகிறது என்று இஸ்ரேல் அரசு கணக்குப் போட்டது. இரண்டு சந்தோஷமும் ஒன்றல்ல.

பிடியரிசி

போனவர்கள் சில ஆயிரம். போகாதவர்கள் பல லட்சம். மலையில் தங்கிவிட்ட அந்தப் பெரும்பான்மைக்கும் ராஜ்யம் வரும் என்ற நம்பிக்கை உண்டு. ஆனால் அவர்கள் அதற்குத் தேதியும் குறிக்கவில்லை, விலாசமும் கேட்கவில்லை. வேறு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். அதன் பெயர் புஃபாய் தாம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வாரக் கடைசியில் அது சபைக்குப் போகும், விற்றுக் காசாகும். நம்மூர்ப் பிடியரிசிதான். 1910-ல் ஆரம்பித்த இந்த வழக்கம் வருடத்துக்குக் கோடிக்கணக்கில் சேர்க்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம், இந்தியா முழுக்க அனுப்பப்படும் மிசோ ஊழியர்களின் சம்பளம் எல்லாவற்றிலும் அந்த அரிசி இருக்கிறது. கெல்காங்கில் கடவுள் படியளப்பார் என்று காத்திருந்தார்கள். இங்கே பெண்கள் கடவுளுக்குப் படியளந்துகொண்டிருக்கிறார்கள்.

20 வருடக் கிளர்ச்சி 1986 ஜூன் 30 ஒப்பந்தத்தோடு முடிந்ததில் திருச்சபைத் தலைவர்களின் பங்கு பெரிது. ராணுவத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடுவே ஓடி அலைந்தவர்கள் அவர்கள். அந்த ஒப்பந்தம் இன்றுவரை முறியவில்லை. வடகிழக்கில் இப்படிச் சொல்லக்கூடிய ஒப்பந்தங்கள் அதிகமில்லை. 2006-ல் சபையின் முயற்சியில் உருவான மிசோரம் மக்கள் மன்றம் தேர்தலில் யார் எப்படிப் பிரசாரம் செய்யலாம் என்று கட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக் கண்காணிக்கிறது. 2023 டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று ஓட்டு எண்ணக்கூடாது என்று மாநிலமே குரல் கொடுத்து, தேர்தல் கமிஷனும் மிசோரத்துக்கு மட்டும் எண்ணிக்கையைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சபையின் கை இவ்வளவு நீளமாக இருக்கும் ஊரில் சபைக்கு ஒத்துவராதவருக்கு மூச்சு முட்டும். 1942-ல் விரட்டப்பட்டவர்களுக்கும் யூதரானவர்களுக்கும் அது தெரியும். ஆனால் 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, சின் மக்கள் தியாவ் ஆற்றைக் கடந்து வரத் தொடங்கியபோது, அவர்களை உள்ளே விடவேண்டாம் என்றது மத்திய உள்துறை. மிசோரம் கேட்கவில்லை. 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சபைகளும் மிசோ இளைஞர் சங்கமும் கூரை போட்டு, சோறு போட்டன. இரண்டு வருடம் கழித்து மணிப்பூரிலிருந்து 12,000 பேர் வந்தார்கள். அவர்களுக்கும் போட்டன. ஓடி வந்தவர்களில் குல்லா அணிந்த யூதர்களும் இருந்தார்கள். அவர்கள் பன்றிக்கறி சாப்பிடமாட்டார்கள், சனிக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார்கள். இயேசுவை விட்டுப் போனவர்கள் என்று பிரசங்கத்தில் திட்டு வாங்கியவர்களும் அவர்களே.

இஸ்ரேலில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒதுக்கப்படும் ஊர்களில் முக்கியமானது நோஃப் ஹகலீல். கலிலேயாவில் ஒரு குன்றின்மேல் இருக்கும் அந்த நகரத்துக்கு 2019 வரை பெயர் மேல் நாசரேத். அடுக்குமாடி வீட்டின் ஜன்னலைத் திறந்தால் கீழே தெரிவது இயேசு வளர்ந்த பழைய நாசரேத், இன்று அராபியர்கள் வாழும் ஊர். அங்கே கோயில் மணி அடிப்பதும் மசூதியின் பாங்கு சொல்வதும் மேலே கேட்கும். அந்த ஜன்னலோரத்துக் குடும்பங்களின் பாட்டனும் பாட்டியும் மிசோரத்திலும் மணிப்பூரிலும் ஞாயிறுதோறும் பாடி வளர்ந்ததெல்லாம் அந்த ஊர்க்காரரைப் பற்றித்தான்.